விரல் பிடி திட்டமும் இருபத்தைந்து ஃபைல்களும்

ஏறுமுகம் மகளிர் மேம்பாட்டு அறக்கட்டளை, செம்பாக்கம் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு மாடி வீட்டில் இயங்கிவருகிறது. வசதியில்லாத பெண் பிள்ளைகளைக் கைதூக்கிவிடுவது அதன் வேலை. தூக்கிவிடுவதற்கு முன்னால் அவர்கள் கீழேதான் கிடக்கிறார்கள் என்று உறுதி செய்துகொள்வது அதைவிடப் பெரிய வேலை. அதற்கென்றே பதினாறு பக்கத்தில் ஒரு படிவம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படிவத்தோடு ஜெனி என்ற ஒருங்கிணைப்பாளர், ஒரு ஜனவரி மாதச் சனிக்கிழமையன்று தயாளன் வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு ஃபோட்டோகிராபர். தயாளன் தாம்பரம் கிழக்கிலிருந்து மாடம்பாக்கம் வரை ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மனைவி தபீதாள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. ஒரே மகள் கெசியா அப்போது ப்ளஸ் டூவில் காமர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருவாள். பள்ளிக்கூடத்தில் யாரோ நல்ல எண்ணத்தில் அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

ஃபோட்டோகிராபர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"அக்கா, அந்த ஃபிரிட்ஜ் மேல ஒரு பெட்ஷீட்டப் போட்டு மூடிடலாமா?"

"எதுக்குப்பா? அது நல்லாத்தானே ஓடிக்கினு கீது" என்றாள் தபீதாள்.

"அதான்க்கா பிரச்சினை."

ஃபிரிட்ஜ் மூடப்பட்டது. அடுத்து ஜெனி கெசியாவைப் பார்த்து, "உன் தன்னம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போட்டுக்குவ?" என்று கேட்டார். கெசியா கொஞ்சம் யோசித்து, எட்டு என்றாள். ஜெனி பேனாவை மூடினார்.

"எட்டு போட்டா நாங்க எங்கம்மா உன்ன ஏத்தறது? ரெண்டு வருஷத் திட்டம் இது. கடைசியில ஒம்பது காட்டணும். ஒரு ரெண்டு போட்டுக்கட்டுமா?"

கெசியா அப்பாவைப் பார்த்தாள். தயாளன், "மேடம் சொல்ற நம்பர போட்டுக்கட்டும்மா, இதுல இன்னா கீது" என்றார். இப்படியாக எட்டு இரண்டாகி, கெசியா கீழ்நிலையில் இருப்பது எழுத்துப்பூர்வமாக நிரூபணமானது. அவளையும் சேர்த்து இருபத்தைந்து பேர் தேர்வானார்கள். அவளுடைய வகுப்புத் தோழி ஜெயக்கொடியும் அதில் ஒருத்தி. ஜெயக்கொடி தன் தன்னம்பிக்கைக்கு மூன்று போட்டிருந்தாள். அவள் உண்மையாகவே போட்டது அது.

திட்டத்தின் பெயர் விரல் பிடி. பதினேழு வயதுப் பெண்களின் விரலைப் பிடித்துப் படிப்புக்கும் வேலைக்கும் நடத்திச் செல்வது என்று விளம்பரப் பலகையில் எழுதியிருந்தது. விரலைப் பிடிக்க அமர்த்தப்பட்டவர் மாளவிகா மேடம். ஒரு மென்பொருள் கம்பெனியில் மனிதவளத் துறையில் பெரிய பதவியில் இருப்பவர். சனிக்கிழமைகளில் தன் நேரத்தை ஏழைகளுக்காகச் செலவிடுகிறார் என்பதை அவரே சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும்.

முதல் மூன்று சனிக்கிழமைகள் மேடத்தின் வாழ்க்கை வரலாற்றுக்குப் போயின. அடையாற்றில் பிறந்து வளர்ந்த ஒருத்தி, கல்யாணத்துக்குப் பிறகு மாடம்பாக்கத்துக்குக் குடிவருவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பதை மேடம் கண் கலங்கச் சொன்னார். மாடம்பாக்கத்திலேயே பிறந்த பிள்ளைகள் எட்டுப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் மரியாதைக்குக் கலங்கினார்கள். நான்காவது சனிக்கிழமை, நேரத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவது எப்படி என்ற வகுப்பு. அதற்கு மேடம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் வழிகாட்டிய நேரமாகவே பதிவாகியது.

ஐந்தாவது வாரம் கெசியா எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், கவர்மென்ட் காலேஜ்ல பி.காம் சேரணும்னா எப்போ அப்ளை பண்ணணும், எப்படிப் பண்ணணும்?"

மேடம் புன்னகைத்தார். "கெசியா, காலேஜ்ங்கிறது வெறும் பில்டிங்தான்மா. நீ முதல்ல உனக்குள்ள போ. நீ யாருன்னு கண்டுபிடி. அப்புறம் காலேஜ் உன்னைத் தேடி வரும்."

கெசியா இரண்டு மாதம் காத்துப் பார்த்தாள். எந்தக் காலேஜும் செம்பாக்கம் பக்கம் வரவில்லை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது. அவளுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று, ஜெயக்கொடிக்கு ஐந்நூற்று முப்பத்தாறு. கெசியா தோழியை இழுத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷன் எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், இரண்டு பேருக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தாள். அந்த மாத அறிக்கையில் "திட்டத்தின் வழிகாட்டலால் உயர்கல்விக்கு விண்ணப்பித்தவர்கள்: இருவர்" என்று அறக்கட்டளை சேர்த்துக்கொண்டது. அந்த அறிக்கையைக் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுத்ததும் கெசியாதான். ஜெனிக்கு எக்செல் வராது.

இதற்குப் பிறகுதான் அறக்கட்டளையின் இயக்குநர் டாக்டர் மெர்வின் பெற்றோர் கூட்டம் கூட்டினார். அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. ஆனால் மைக்கைப் பிடித்தால் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"நோட்டு குடுக்கிறது, பை குடுக்கிறது, சைக்கிள் குடுக்கிறது, இதெல்லாம் பழைய மாடல். நாங்க குடுக்கிறது நம்பிக்கை! ஆனா ஒரு சின்ன சிக்கல். நம்பிக்கைய மேடையில வச்சு ஃபோட்டோ எடுக்க முடியாது. சீஃப் கெஸ்ட் கையில எதையாவது குடுத்தாத்தானே அவர் அதை உங்க பொண்ணுக்குக் குடுக்க முடியும்? ராத்திரி பகலா யோசிச்சோம். உங்க பொண்ணுங்க கஷ்டப்பட்டு வாங்கின சர்டிபிகேட்டயே, எங்க லோகோ போட்ட வெல்வெட் ஃபைல்ல வச்சு, சீஃப் கெஸ்ட் கையால உங்க பொண்ணுங்களுக்கே வழங்கப் போறோம்!"

பெற்றோர் கை தட்டினார்கள். தயாளனும் தட்டினார். மூன்றாவது தட்டலில் அவருக்கு ஏதோ இடித்தது. அது நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கிறதுதானே என்று தோன்றியது. ஆனால் பக்கத்தில் எல்லோரும் தட்டிக்கொண்டிருந்ததால் அவரும் தொடர்ந்தார்.

கெசியா கையைத் தூக்கினாள். "சார், ஜெராக்ஸ் குடுத்தா போதாதா?"

"ஜெராக்ஸ்ல உயிர் இருக்காதும்மா. டோனர்ஸ் ஜூம் பண்ணிப் பார்ப்பாங்க. ஒரிஜினல்தான் வேணும்."

வீட்டுக்குப் போனதும் கெசியா கொடுக்க மாட்டேன் என்றாள். பத்தாவது மார்க் ஷீட், ப்ளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., ஜாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தயாளன்தான் அவளைச் சமாதானப்படுத்தினார்.

"பெரிய மனுஷங்க கேக்குறாங்க, குடுத்துடும்மா. அவங்க இன்னா தின்னுடவா போறாங்க? ஒரு வாரத்துல ஃபங்ஷன், திரும்பி வந்துடும்."

மறுநாள் அந்தக் கவரைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். மெர்வின் அறையில் இருந்த இரும்பு அலமாரியில் இருபத்தைந்து நீல வெல்வெட் ஃபைல்கள் வரிசையாக அடுக்கப்பட்டன. கெசியாவுடையது ஒன்பது. ஜெயக்கொடியுடையது பதினான்கு. அலமாரி பூட்டப்பட்டது. சாவி மெர்வினுடைய காரில் தொங்கியது.

விழா மே இருபத்துநாலு என்றார்கள். சீஃப் கெஸ்டாக வரவேண்டிய ஓய்வுபெற்ற உயரதிகாரி பேரனைப் பார்க்க வெளிநாடு போய்விட்டார். ஜூன் மூன்று என்றார்கள். அன்று முகூர்த்த நாள், மண்டபம் கிடைக்கவில்லை. கடைசியில் ஜூன் பத்து என்று முடிவானது. மாறாத தேதி என்று வாட்ஸப்பில் இரண்டு பூங்கொத்துப் படங்களோடு செய்தி வந்தது.

அதே நாள் மாலை கெசியாவுக்கும் ஜெயக்கொடிக்கும் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. பி.காம் கலந்தாய்வு ஜூன் பத்து, காலை பத்து மணி. அசல் சான்றிதழ்களுடன் மாணவி நேரில் வரவேண்டும். ஒரு மணிக்குள் வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

தயாளன் சவாரியை விட்டுவிட்டு அறக்கட்டளைக்கு ஓடினார். மெர்வின் அவருக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்.

"சார், பாப்பாவுக்குப் பத்தாம் தேதி காலேஜ் சார். அந்த ஃபைல் மட்டும் குடுத்தீங்கன்னா..."

"குடுத்துடலாம். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. நீங்க ஒரு லெட்டர் எழுதணும். அதுக்கு மென்டர் பரிந்துரை பண்ணணும். அப்புறம் டிரஸ்டிஸ் மீட்டிங்ல வைக்கணும்."

"மீட்டிங் எப்போ சார்?"

"ஆகஸ்ட்ல."

தயாளன் லெட்டர் எழுதினார். மாளவிகா மேடத்தின் பரிந்துரையும் அன்றே வந்தது. "கெசியா எதிலும் அவசரப்படுகிறாள். பொறுமை: பத்துக்கு மூன்று. கல்லூரிக்கு மனதளவில் இன்னும் தயாராகவில்லை" என்று எழுதியிருந்தார். தயாளனுக்கு அதை முழுதாகப் படிக்கும்வரைகூடப் பொறுமை இல்லை. அது பரம்பரைக் கோளாறு போலிருக்கிறது.

"இன்னா சார் இது, பேஜாரா கீது! படிக்க வைக்கத்தானே டிரஸ்ட் வச்சிருக்கீங்க? படிக்கப் போற புள்ளைய நீங்களே புடிச்சு வச்சிக்கினா எப்படி சார்?"

மெர்வின் கோபப்படவில்லை. அவர் பயிற்சி பெற்றவர். தயாளன் தோளில் கை வைத்தார்.

"தயாளன், உங்களுக்கு ஒரு பொண்ணு. எனக்கு இருபத்தஞ்சு பொண்ணு. டோனருக்கு இருபத்தஞ்சு ஃபைல் வழங்கறோம்னு எழுதிட்டேன். நாளைக்கு ஃபோட்டோல எண்ணிப் பார்த்து இருபத்துநாலுன்னா என்ன பதில் சொல்றது? படிப்பு எங்கயும் போயிடாது, இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம். டோனர் போயிட்டா வருவாரா? நீங்களே சொல்லுங்க. உங்க பொண்ணு காலேஜ் போகலன்னாகூட நாங்க இருக்கோம், விரலைப் பிடிச்சுக்கறோம். டோனர் போயிட்டா யார் விரலை நான் பிடிக்கிறது?"

தயாளன் படியிறங்கி வந்து ஆட்டோவில் உட்கார்ந்தார். வெகுநேரம் சாவியைத் திருகவில்லை. தலையணைக்கு அடியில் பத்திரமாக இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தது தன் கைதான் என்று நினைத்தபோது, அந்தக் கையையே வெட்டிப் போடலாம் போல அவருக்கு இருந்தது.

ஜூன் பத்து காலை எட்டரை மணிக்கே இருபத்தைந்து பெண்களும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நீல டி-ஷர்ட்டோடு உட்கார வைக்கப்பட்டார்கள். செல்ஃபோன்களைக் கூடையில் வாங்கிக்கொண்டார்கள். கெசியா மட்டும் தன்னிடம் ஃபோனே இல்லை என்று சொல்லி, இடுப்பில் செருகிக்கொண்டாள். மேடையில் ஒரு பெரிய தாம்பாளம், அதில் நீல ஃபைல்கள், மேலே ஜரிகைத் துணி. வாங்கும் முறைக்கு ஒத்திகை நடந்தது. வலது கையால் வாங்க வேண்டும், கேமராவைப் பார்க்க வேண்டும், மூன்று விநாடி சிரிக்க வேண்டும், ஃபைலைத் திறந்து பார்க்கக் கூடாது. ஜெயக்கொடிக்கு நன்றியுரை. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பத்து மணிக்கு, சீஃப் கெஸ்ட் பல்லாவரம் தாண்டிவிட்டார் என்று அறிவித்தார்கள். பத்தரைக்கும் பல்லாவரம் தாண்டிவிட்டார். பதினொரு மணிக்கு, இப்போதுதான் பல்லாவரம் வந்திருக்கிறார் என்றார்கள். மண்டபத்துக்கு வெளியே தயாளன் வண்டியை ஸ்டார்ட் செய்வதும் அணைப்பதுமாக இருந்தார். இடைவெளியை நிரப்ப மாளவிகா மேடத்தைப் பேசக் கூப்பிட்டார்கள்.

மேடம் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையில் நடந்துகொண்டே பேசினார்.

"பொண்ணுங்களே! யாராவது வந்து குடுப்பாங்க, குடுப்பாங்கன்னு எத்தனை நாள் உக்காந்துட்டு இருப்பீங்க? யாரும் வர மாட்டாங்க! உங்களோடது எதுவோ, அதை நீங்களேதான் எழுந்து போய் எடுத்துக்கணும்! யார் பர்மிஷனும் கேக்காதீங்க! நாளைக்கு இல்ல, இப்பவே, இந்த நிமிஷமே!"

கெசியா எழுந்தாள். மேடைப் படியேறினாள். ஜரிகைத் துணியை விலக்கி, ஒன்பதாம் எண் ஃபைலை எடுத்துத் திறந்து, நான்கு தாள்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தாள். ஆறு மாத வழிகாட்டலில் மேடம் சொன்ன ஒன்றை ஒரு மாணவி அப்படியே செய்துகாட்டியது அதுதான் முதல் தடவை. மண்டபம் அதை நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டியது.

கெசியா படியில் நின்று கூப்பிட்டாள். "ஜெயா, வாடி! பதினாலு, மேலயே இருக்கு!"

ஜெயக்கொடி பாதி எழுந்தாள். அவள் கையில் நன்றியுரைத் தாள் இருந்தது. மெர்வின் மேடையின் பக்கத்துக் கதவிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார். ஜெயக்கொடி அவரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"நான் நன்றி சொல்லணும்டி... முடிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

"பார்த்தீங்களா, எங்க பொண்ணுங்களோட ஆர்வத்தை!" என்றார் மெர்வின் மைக்கில். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "புடிங்கய்யா அவளை" என்றார். பொத்தியது சரியாகப் பொத்தவில்லை. அதற்குள் கெசியா வாசலைத் தாண்டியிருந்தாள். தயாளன் வண்டி அன்று தாம்பரம் ஸ்டேஷன்வரை எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை.

ரயிலில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கெசியா ஃபைலைத் திறந்தாள். டி.சி.யின் மூலையில் ஏறுமுகம் சின்னத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். கிண்டி வரும்வரை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். அங்கிருந்து பஸ். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. பதினைந்து நிமிடத்தில் அவளுக்கு பி.காம் இடம் உறுதியானது. தயாளன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மேசையிலிருந்தவர், "ஜெயக்கொடி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். கெசியா ஓடிப்போய் நின்றாள்.

"சார், அவ வந்துட்டே இருக்கா சார்."

"எங்கம்மா வந்துட்டிருக்கா?"

கெசியா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒரு கூடைக்குள்.

"பல்லாவரம் தாண்டிட்டா சார்" என்றாள்.

அந்த மனிதர் நல்லவர். ஒரு மணி அடித்தும் ஐந்து நிமிடம் கூடக் காத்திருந்தார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஜெயக்கொடி அன்று மாலை மூன்று மணிக்கு, இரண்டு பக்கத்தையும் தவறில்லாமல் படித்து, இருபத்துமூன்று பேருக்கு நன்றி சொன்னாள்.

திரும்பி வரும்போது ரயிலில் கெசியா அழுதுகொண்டே வந்தாள். "நானாவது அவ கையப் புடிச்சு இழுத்துனு வந்திருக்கணும்ப்பா" என்றாள்.

செப்டம்பரில் பளபளவென்று ஆண்டறிக்கை வந்தது. அட்டையில் சீஃப் கெஸ்ட் கையால் ஃபைல் வாங்கும் ஜெயக்கொடி, மூன்று விநாடி சிரிப்போடு இருந்தாள். உள்ளே எட்டாம் பக்கத்தில் ஒரு கட்டம்: "பயனாளிகள்: 25. திட்டத்தில் நிலைத்தவர்கள்: 24. இடைநின்றவர்: 1. இடைநின்றதற்கான காரணம்: கல்லூரியில் சேர்ந்துவிட்டார்." நிலைத்த இருபத்துநாலு பேரும் இன்னும் எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை என்பதால், அவர்களுடைய தேவை இப்போது முன்னைவிடத் தெளிவாக நிரூபணமாகியிருக்கிறது என்றும், புதிதாக இருபத்தைந்து பேரையும் சேர்த்துக்கொண்டு இரண்டாம் கட்டம் தொடங்க நிதி கிடைத்திருக்கிறது என்றும் கீழே எழுதியிருந்தது. தொண்ணூற்றாறு சதவீத வெற்றிக்காக மெர்வினுக்கு ஒரு நட்சத்திர ஹோட்டலில் விருது கொடுத்தார்கள். ஃபைலைத் திருப்பித் தரச் சொல்லி கெசியாவுக்கு ஒரு கடிதம் வந்தது. வெல்வெட் ஃபைல் அறக்கட்டளையின் சொத்தாம். தபீதாள் அதில் கேஸ் புத்தகத்தையும் ரேஷன் கார்டையும் போட்டு வைத்துவிட்டாள், கொடுக்கவில்லை.

மறு வருடம் ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், தாம்பரத்தில் தயாளன் வண்டியில் ஜெயக்கொடி ஏறினாள். வேறு சவாரி இல்லை. இப்போது அவள் அறக்கட்டளையில் தன்னார்வலர். மடியில் கனமாக ஒரு துணிப் பை.

"கெசியா எப்படி இருக்கா அங்கிள்?"

"செமஸ்டர் எழுதிக்கினு கீது. பையில இன்னாம்மா?"

"புதுப் பொண்ணுங்க ஃபைல். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில லோகோ ஒட்டக் குடுத்திருந்தோம். வாங்கிட்டுப் போறேன்."

தயாளன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தான். ஜெராக்ஸ் வாங்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு."

"ஃபங்ஷன் எப்போ?"

"பதினொண்ணு."

"காலேஜ் கவுன்சிலிங் எப்போ?"

ஜெயக்கொடி வெளியே பார்த்தாள். "பதினொண்ணுதான் அங்கிள்."

"நீ இந்த வருசம் போட்டியா?"

"போட்டிருக்கேன். எனக்கும் அன்னைக்குத்தான் வந்திருக்கு. ஆனா ஃபைல் அடுக்க ஆள் இல்லன்னு சொல்றாங்க."

ராஜகீழ்ப்பாக்கம் போனது. செம்பாக்கம் வந்தது. ஏரி தெரிந்தது, மாடி வீடு தெரிந்தது, விளம்பரப் பலகை தெரிந்தது. வண்டி நிற்கவில்லை.

"அங்கிள், ஆபீஸ் போயிடுச்சு!"

"தெரியும்மா. மொதோ வூடு எங்கன்னு சொல்லு."

ஜெயக்கொடி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு முதல் ஃபைலைப் பிரித்தாள். இந்த முறை ஃபைலோடு சேர்த்து வைத்திருந்த பதினாறு பக்கப் படிவத்தின் முதல் பக்கத்தில் முகவரி தெளிவாக இருந்தது. அந்தப் படிவம் யாருக்காவது உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

"மாடம்பாக்கம், சிவன் கோயிலுக்குப் பின்னாடி மூணாவது தெரு" என்று உரக்கப் படித்தாள்.

விரல் பிடி இரண்டாம் கட்டத்தின் ஆண்டறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. எட்டாம் பக்கத்துக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று டிரஸ்டிகள் மூன்று தடவை கூடிப் பேசியும் முடிவாகவில்லையாம். இந்த வருடம் இடைநின்றவர்கள் மட்டும் இருபத்தாறு பேர். காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான்.